காயக்கிலேசமும் மிதிவண்டிப் பந்தயமும்

புறத்தவம் ஆறு என்றும், அவற்றுள் இறுதியாக எண்ணப்படுவது காயக்கிலேசம் என்றும் நம் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர். முனிவர் பொறுத்து வெல்ல வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு. அவற்றின் வரிசையில் முதல் நான்கு பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் என்பன. பொன்னூர் மலைக்கோ திருமலைக்கோ கோடையில் விஹாரம் செய்து வரும் திகம்பர முனிவர்கள், நாம் செருப்பின்றி ஒரு கணமும் நிற்க இயலாத தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடப்பதைக் கண்டு கைகூப்பியிருக்கிறோம். நாளில் ஒரு வேளை, நின்றவாறே, கையே கலமாக ஏற்கும் உணவோடு அன்றைய நீரும் முடிந்து விடுகிறது.

இனி வேறொரு காட்சியைக் கருதுவோம். பதினேழு, பதினெட்டு வயதுடைய இளைஞர்கள் தொடர்ந்து நான்கைந்து நாட்கள், நாள்தோறும் நூறு கிலோ மீட்டரை ஒட்டிய தொலைவு, கோடை வெயிலில் மிதிவண்டிப் பந்தயம் ஓடுகின்றனர். உதடு வெடிக்கிறது, தொடை இறுகுகிறது, முதுகில் உப்புப் படிகிறது. மறுநாள் காலையில் அதே உடலுடன் மீண்டும் புறப்படுகின்றனர். யாரும் சங்கிலியிட்டு இழுத்து வரவில்லை. தாமே விரும்பி ஏற்ற துன்பந்தான். அப்படியாயின் இதுவும் ஒருவகைக் காயக்கிலேசம் ஆகுமா? ஆகாதெனில் இதனை என்னவென்று சொல்வது? சாலையோரம் நின்று கைதட்டும் நமக்கு இதில் பங்கு உண்டா? பெரணமல்லூர், ஆரணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தொலைவான வினா போலத் தோன்றலாம். அவ்வளவு தொலைவில் இல்லை.

ஆண்டுதோறும் அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டிச் செப்டம்பர் மாதத்தில் மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்க்கான மிதிவண்டிப் போட்டி நடைபெறுகிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு 15 கிலோ மீட்டர், சிறுமியர்க்கு 10. அதற்கு மேற்பட்ட பிரிவுகளில் சிறுவர்க்கு 20, சிறுமியர்க்கு 15. கியர் இல்லாத, இந்தியாவில் செய்த சாதாரண வண்டியே அனுமதிக்கப்படும். பிளஸ்-1 மாணவர்க்கு அரசு விலையின்றி வழங்கும் வண்டி இருந்தாலே போதும். ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடும் இப்போட்டியைக் குறைகூற ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் கலந்து கொள்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இதில் முந்தி வந்த பிள்ளை அத்துடன் நின்றுவிடுவதில்லை. மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, பின்னர் பல நாள் சாலைப் பந்தயம் என்று மனம் ஏணி கட்டுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இளையோர்க்கென்றே 1969 முதல் ‘டூர் டி லாபிட்டிபி’ என்னும் பல நாள் பந்தயம் ஜூலை மாதத்தில் நடத்தப்பட்டு வருகிறது. வட நாட்டு ஜூலைக்கும் நம் அக்கினி நட்சத்திரத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை.

பல நாள் பந்தயத்தின் கடுமை அதன் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு நாளின் நேரமும் கூட்டப்பட்டு, மொத்த நேரம் குறைந்தவரே வென்றவர். ஒரு நாள் நின்றுவிட்டால் முன் நாட்களின் உழைப்பு முழுவதும் வீணாகிறது. ஆகவே மூன்றாம் நாள் நிற்பது முதல் நாள் நிற்பதைவிடப் பன்மடங்கு கடினம். இதனை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

உடல் செய்வது யாதெனின்: தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்துகிறது, எஞ்சியது வெப்பமாக உடலினுள் தங்குகிறது. அதனை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவு வெப்பம் நீங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஆவியாகாமல் சொட்டி வீணாகும். சமவெளியில் விரைந்து செல்கையில் எதிர்காற்று உதவும். ஏற்றத்தில் வண்டி தளர்ந்ததும் அவ்வுதவியும் போய்விடும். சிறுவர் உடலில் எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் காற்றின் சூடு தோலின் சூட்டை மிஞ்சும் நாட்களில் அவர்கள் வெளி வெப்பத்தையும் கூடுதலாக உள்வாங்குகின்றனர். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும் என்பர் மருத்துவர். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, பேச்சும் நினைவும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்திச் சூட்டைத் தணிக்காவிடின் உயிருக்கே இறுதி.

நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கால் ஓய்வதற்கு முன்னரே அறிவு மங்குகிறது. நிற்கலாமா, தொடரலாமா என்று தீர்மானிக்க வேண்டிய கருவியே முதலில் பழுதாகிறது. ‘அவனே விரும்பி ஓட்டுகிறான்’ என்னும் சொல், அந்நேரத்தில் பொருளிழந்து போகிறது.

இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். இருவரும் சிறுவரல்லர், வயது வந்த வீரர்கள். 1960 ஆகஸ்டு 26 அன்று ரோம் ஒலிம்பிக்கில் 100 கிலோ மீட்டர் குழுப் பந்தயம். வெப்பம் 40 பாகையை ஒட்டியிருந்தது. குழுவில் நால்வர், மூவரேனும் எல்லையை அடைய வேண்டும் என்பது விதி. டென்மார்க் குழுவில் ஒருவர் வெயில் தாங்காது முன்னரே விலகிவிட்டார். எஞ்சிய மூவரில் நட் எனமார்க் ஜென்சன், வயது 23, தலை சுற்றுகிறது என்றார். அவர் நின்றால் குழுவே இல்லை. தோழர் ஒருவர் அவர் சட்டையைப் பற்றி நிமிர்த்திப் பிடித்தார். மற்றொருவர் நீர் தெளித்தார். சற்றுத் தெளிந்தாற்போல் தோன்றவே கையை விட்டனர். அவர் சாய்ந்து விழுந்து மண்டையுடைந்து அன்றே இறந்தார்.

1967 ஜூலை 13 அன்று பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தின் பதின்மூன்றாம் கட்டத்தில், மரமற்ற வான்டூ மலையேற்றத்தில், இங்கிலாந்து வீரர் டாம் சிம்சன் தடுமாறி விழுந்தார். தம்மை மீண்டும் வண்டியில் ஏற்றுமாறு கேட்டார், ஏற்றினர். சிறிது தூரம் சென்று மறுபடி விழுந்தார், எழவில்லை. வயது 29. அவர் உடலில் ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அக்காலப் பந்தயத்தில் வீரருக்கு நாளொன்றுக்கு நான்கு புட்டி, அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீரே அனுமதி என்பதையும் உடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டையைப் பிடித்தவரும் வண்டியில் ஏற்றியவரும் கொடியவர் அல்லர், அன்புடையவர்களே. அன்பு மட்டும் போதவில்லை என்பதுதான் துயரம்.

இனி நம் ஆகமத்தின் பக்கம் திரும்புவோம். தவம் என்பது துன்பத்தின் அளவால் தவமாவதில்லை. வினைகளை உதிர்க்கும் நோக்கமும், கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்களின் தணிவும் அதற்கு உயிர். பந்தயத்தில் வெயிலைப் பொறுப்பவன் பிறரை முந்தும் பொருட்டுப் பொறுக்கிறான். அங்கு மானம் தணிவதற்கு மாறாக வளரக்கூடும். எனினும், எல்லா விளையாட்டையும் மானக் கஷாயம் என்று ஒதுக்கிவிடும் சில பெரியோரின் கருத்தை நான் ஏற்கவில்லை. பின்தங்கிய தோழனுக்குத் தன் நீர்ப்புட்டியை நீட்டும் இளைஞனை அதே பந்தயத்தில்தான் காண்கிறோம். தவமன்று என்பதால் தீமை என்று முடிவதில்லை.

மற்றொன்று, பலரும் விரைந்து கடந்து செல்வது. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தியாகத்திற்கும் தவத்திற்கும் மட்டும் ‘சக்திதஸ்’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டிருக்கிறது. தத்தம் ஆற்றலுக்கேற்ப என்பது பொருள். மிகுதியாகச் செய்க என்று சொல்லவில்லை. ஆற்றலை ஒளித்துக் கொள்ளாமலும் ஆற்றலைக் கடவாமலும் செய்க என்பதே அதன் கருத்து. அந்த ஆற்றலை அளப்பவர் யார்? முனிவருக்கு ஆசாரியர் இருக்கிறார். எது தாங்கும், எது தாங்காது என்று நோக்கியே விரதம் அளிக்கிறார். வெயிலில் ஓடும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் இருப்பவர் பயிற்சியாளர், பெற்றோர், பந்தய நடுவர் ஆகியோர். அவர்களுள் முதலிருவரும் அப்பிள்ளையின் வெற்றியில் பங்கு உடையவர்கள்.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது நான்காவது. உணவையும் நீரையும் தடுப்பது ஐந்தாவது. வண்டிமாட்டையும் பணியாளையும் மனத்திற்கொண்டு சொல்லப்பட்டவை இவை என்று நாம் படித்து வந்தோம். ‘நான்கு புட்டிக்கு மேல் நீர் இல்லை’ என்ற பழைய விதியை ஐந்தாவதோடு வைத்துப் பாருங்கள். மூவர் எல்லை சேர்ந்தாக வேண்டும் என்ற விதியின் கீழ் ஜென்சன் சுமந்ததை நான்காவதோடு வைத்துப் பாருங்கள். உயிரைப் போக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் சோர்வுடைமையால், பிரமத்த யோகத்தால், நேரும் உயிர்க்கேடே ஹிம்சை என்று அதே நூல் இலக்கணம் வகுக்கிறது. எண்ணம் இல்லை என்பது விடையாகாது. கவனம் இருந்ததா என்பதே கேள்வி.

பட்டுத்தறி உள்ள ஊர்களில் வாழும் நமக்கு இது விளங்காததன்று. கோர்வைக் கரைப் புடவை நெய்ய மறுபுறம் இருந்து நாடா எறிய ஓர் உதவியாள் வேண்டும். அவ்விடத்தில் சிறுவரை உட்கார வைக்கும் வழக்கம் பட்டு நெசவில் நெடுங்காலம் இருந்தது. தொழில் பழகுகிறான் என்றனர். பெரும்பாலும் அது உண்மையுங்கூட. குழந்தையின் பாரத்திற்கு நாம் சூட்டும் பெயர்கள் எப்போதும் அழகானவை: தொழில், திறமை, சாதனை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் எனக் கிருத, காரித, அனுமோதனை மூன்றும் வினைக்கு வாயில்கள். பந்தயத்தில் ஓடுபவன் முதல்வன், ஓட்டுவிப்போர் இரண்டாமவர், சாலையோரத்தில் நிற்கும் நாம் மூன்றாமவர். நாற்பது பாகை வெயிலில் தள்ளாடும் பிள்ளையைப் பார்த்து ‘விடாதே, விடாதே’ என்று கூவுவது அனுமோதனையன்றி வேறென்ன?

விளையாட்டு உலகம் இதில் நம்மினும் பின்தங்கியிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் இளையோர் வண்டியின் கியருக்கு ஒரு மிதிச்சுற்றுக்கு 7.93 மீட்டர் என்று நெடுங்காலம் எல்லை வைத்திருந்தது. வளரும் மூட்டுகளைக் காக்கவே அவ்விதி. 2023இல் அதனை நீக்கியது. அது சரிதானா என்று எனக்கு ஐயமுண்டு. ஆனால் கடும் வானிலையில் பந்தயத்தைச் சுருக்கவும் நிறுத்தவும் வழிசெய்யும் நெறிமுறையை 2016 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நிறுத்தும் அதிகாரம் இன்னாரிடம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றனர்.

நம் இல்லங்களில் அவ்வாறு எழுதி வைத்திருக்கிறோமா? 2016 அக்டோபரில் ஐதராபாத்தில் ஜைனக் குடும்பத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, 68 நாள் உண்ணாநோன்பு முடித்த சில நாட்களில் இறந்தாள். நாடெங்கும் பேசப்பட்டது, நம்மவர் சிலர் சமயத்தின் மீது பழி என்று சினந்தனர். சினத்தை விடுத்துச் சிந்திக்க வேண்டிய செய்தி அது. அச்சிறுமியின் பக்தியை நான் ஐயுறவில்லை. அவள் ஆற்றலை அளக்க வேண்டியவர் யார், நாற்பதாம் நாளில், ஐம்பதாம் நாளில் போதும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே என் வினா. அங்கும் நாட்கள் கூடக்கூட நிற்பது கடினமாகிறது. வாழ்த்த வருவோர் கூட்டம் பெருகுகிறது. தசலட்சணப் பர்வத்தில் பிள்ளைகள் உபவாசம் ஏற்கும்போது நாம் அணிவிக்கும் மாலையும் அனுமோதனையின் ஒரு வடிவே.

நம் வீட்டுப் பிள்ளை பல நாள் பந்தயத்திற்குப் போக விரும்பினால் என்ன சொல்வது? போகட்டும் என்றே நான் சொல்வேன். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியும் பந்தயமாக இருக்கட்டும். இரண்டு வாரமாவது வெயிலில் சிறிது சிறிதாகப் பழகியிருக்கட்டும். உணவைப் பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. காலையில் ஓட்டம் முடிவதால் மாலைக்குள் இரண்டு முறை உண்ண நேரம் இருக்கிறது. இரவுணவு விலக்கு தடையாகாது. சோறும் பாசிப்பருப்பும் வாழைப்பழமும் போதிய வலிமை தரும். பந்தய வீரர் பலர் விரும்பும் தேன் மட்டும் நமக்கு ஆகாது; அதற்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த, காய்ச்சி ஆறிய நீரே ஈடு. நிறுத்தும் அதிகாரம் தந்தையிடமோ பயிற்சியாளரிடமோ இல்லாமல், வெற்றியில் பங்கில்லாத ஒருவரிடம் இருக்கட்டும். மருத்துவம் அறிந்தவராயின் மிக நன்று. அவர் யார் என்பதை வீட்டை விட்டுப் புறப்படும் முன், அறிவு தெளிவாயிருக்கும்போது, பிள்ளையே சொல்லட்டும். மூன்றாம் நாள் ஏற்றத்தில் அவர் கைகாட்டினால் பிள்ளை மறுக்கவே செய்வான்; அம்மறுப்பை ஏற்பதில்லை என்பதும் அன்றே பேசி முடித்ததாக இருக்க வேண்டும்.