23 ரன்னுக்கு 161 பந்தா?

நம் ஊரில் பந்து என்றால் கால்பந்துதான். கிரிக்கெட் என்று ஆரம்பித்தாலே பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம். ஒருவர் செய்யும் வேலையை நாம் எதை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்கிறோம்? அவர் செய்த விதத்தை வைத்தா? கடைசியில் கைக்கு வந்ததை வைத்தா? இந்தக் கேள்வி ஒரு டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குள் வந்தது. அன்றைக்கு நானே தப்பான பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

2021 ஜனவரி 11, திங்கட்கிழமை. கிள்ளானில் எங்கள் வீட்டு ஹால். துறைமுகத்தில் லோரி ஓட்டும் சித்தப்பா, இரவு வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தாத்தா பசியாறிவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பல்கலைக்கழக வகுப்பெல்லாம் இயங்கலையில்தான். தம்பிக்கு எஸ்.பி.எம். தேர்வு. கோவிட்டால் தள்ளிப்போய்ப் பிப்ரவரி 22 என்று தேதி குறித்திருந்தார்கள். அவன் கணிதப் புத்தகத்தோடு சாப்பாட்டு மேசையில் இருந்தான். தொலைக்காட்சியில் சிட்னி மைதானம். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மூன்றாவது டெஸ்ட், ஐந்தாம் நாள்.

நிலவரம் என்ன?

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நடக்கும். அந்தத் தொடரில் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு வெற்றியோடு நின்றன. இந்தியாவுக்கு இலக்கு 407. முந்தின நாள் முடிவில் 98 ரன், இரண்டு விக்கெட் போயிருந்தது. கடைசி நாளில் இன்னும் 309 எடுத்தால் வெற்றி. அதற்குள் பத்து விக்கெட்டும் விழுந்தால் தோல்வி. இரண்டும் நடக்காமல் நேரம் முடிந்தால் டிரா.

காலையிலேயே கேப்டன் ரஹானே போய்விட்டார். "அவ்வளவுதான், மூட்டையைக் கட்டு," என்றார் சித்தப்பா. அடுத்து வந்த ரிஷப் பண்ட் அடிக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் புஜாரா நின்றார், அந்தப் பக்கம் பண்ட் வெளுத்தார். "ஜெயிச்சாச்சு லா! மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்," என்றார் அதே சித்தப்பா. நானும் அதையேதான் சொன்னேன். தாத்தா மட்டும், "இன்னும் பொழுது சாயலடா," என்றார்.

பண்ட் 97-இல் அவுட். கொஞ்ச நேரத்தில் புஜாராவும் 77-இல் அவுட். 272 ரன்னுக்கு ஐந்து விக்கெட். இன்னும் 135 ரன் வேண்டும். களத்தில் ஹனுமா விஹாரி. ஒரு ரன்னுக்காக வேகமாக ஓடியபோது அவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதன்பிறகு சரியாக ஓடவே முடியவில்லை. கூட வந்தவர் நம்ம சென்னை அஸ்வின். அடுத்து ஆட வேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் உடைந்திருந்தது.

இரண்டு பேரும் கட்டை போட ஆரம்பித்தார்கள். பந்து வரும், தடுப்பார்கள். பந்து வரும், விடுவார்கள். ஒரு ஓவர், இரண்டு ஓவர் இல்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் இதேதான்.

எங்கள் வீட்டு நீதிமன்றம்

எங்கள் ஹாலில் சத்தம் கூடிப்போனது. "அடிக்கத் தெரியாதவன எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்க?" என்றார் சித்தப்பா. "இப்படி நிக்கிறதுக்கு அவுட்டாகிப் போயிடலாம்," என்றது நான். சொல்லும்போது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

நாங்கள் மட்டும் இல்லை. விஹாரி 109 பந்தில் 7 ரன் எடுத்திருந்தபோது, இந்தியாவின் ஒன்றிய அமைச்சர் ஒருவரே, இவர் வெற்றி வாய்ப்பை மட்டுமல்ல, கிரிக்கெட்டையே கொன்றுவிட்டார் என்கிற மாதிரி டுவிட்டரில் எழுதினார். அதில் விஹாரியின் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. பிறகு விஹாரி அதற்குப் பதில் போட்டார். தன் பெயரைத் திருத்தி எழுதினார், வேறு ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் சித்தப்பா சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பி, "இவனும் நம்ம தம்பி மாதிரிதான். நாள் பூரா புத்தகத்தோட உக்காந்திருப்பான், மார்க் மட்டும் ஏறாது," என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். ஒரு நிமிடம் கழித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

அதைத் தாத்தா பார்த்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தாத்தா சொன்ன இரண்டு கணக்கு

தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தேநீர் இடைவேளையில் அவர் பேச ஆரம்பித்தார். கிரிக்கெட் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"மரத்துல வெட்டுப் போட்டுட்டு வருவோம். பால் மங்குல சொட்டிக்கிட்டு இருக்கும். சேக்கறதுக்கு முன்னாடி மழ புடிச்சிக்கிட்டா எல்லாம் போச்சு. மங்கு நிறைய மழத் தண்ணிதான் இருக்கும். அன்னிக்கு நிறுவைக்குப் போனா ஒண்ணும் இருக்காது. கூலியும் கம்மி. ஆனா அடுத்த நாள் மண்டோரு வந்து வெட்டப் பார்ப்பாரு. ஆழமா போட்டு மரத்தக் காயப்படுத்துனவனுக்கு ஏச்சு. சரியா சீவுனவன ஒண்ணும் சொல்லமாட்டாரு. நிறுவை ஒரு கணக்கு, வெட்டு ஒரு கணக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிட்டா வேலை செய்ய முடியாது."

பிறகு திரையைக் காட்டி, "நீங்க நிறுவைய மட்டும் பார்க்கிறீங்க. அந்தப் பையனோட வெட்டப் பாருங்க," என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆட்டத்தை உண்மையிலேயே பார்த்தேன். விஹாரி எந்தப் பந்தை விடுகிறார், எதைத் தடுக்கிறார், உடம்பில் பட்டாலும் மட்டையை எப்படி விலக்கிக்கொள்கிறார் என்றெல்லாம். அஸ்வின் அவரிடம் தமிழில் பேசுவது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. விஹாரி ஆந்திராக்காரர். ஆனால் சென்னையில் லீக் ஆட்டங்கள் ஆடியவர், தமிழ் புரியும். மீதி எத்தனை ஓவர் என்று மலைக்காமல் பத்துப் பத்துப் பந்தாகப் பிரித்து ஆடலாம் என்கிற பேச்சு அது.

ஆட்டம் டிராவில் முடிந்தது. நான்காவது இன்னிங்ஸில் இந்தியா ஆடியது 131 ஓவர். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் அவுட் இல்லை. அன்று காலை அஸ்வினால் முதுகு வலியில் நிமிர்ந்து நிற்கவோ குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டவோ முடியவில்லை என்று அவருடைய மனைவி பிறகு எழுதியிருந்தார். இதில் ஒன்றுமே தெரியாமல்தான் நாங்கள் காலையிலிருந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேட்ச்சைப் பிடித்திருந்தால்?

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். ஆட்டம் முடியும் தறுவாயில் விஹாரியின் மட்டையில் பட்டு வந்த ஒரு பந்தை ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் பாய்ந்து பிடிக்கப் பார்த்தார். பந்து நழுவிவிட்டது. அதைப் பிடித்திருந்தால்? ஜடேஜா உடைந்த விரலோடு வந்திருப்பார். ஒருவேளை இந்தியா தோற்றிருக்கும். அப்போது நாம் என்ன சொல்லியிருப்போம்? "கட்டை போட்டே கெடுத்தான்" என்றுதானே? அதே கால்வலி, அதே பொறுமை, அதே மூன்று மணி நேரம். மாறியது பெய்னின் கையுறை மட்டும். இன்னொருவருடைய கையுறை, விஹாரி வீரனா கோழையா என்பதை முடிவு செய்யலாமா?

செய்யக்கூடாது என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆனால் வாழ்க்கையில் அப்படித்தான் செய்கிறோம். இரண்டு பேர் ஒரே மாதிரி காரை வேகமாக ஓட்டுகிறார்கள். ஒருவன் முன்னால் ஒரு பிள்ளை ஓடி வந்துவிடுகிறது. அவனைக் கொலைகாரன் என்கிறோம். மற்றவனை "கெட்டிக்காரன், நேரத்துக்கு வந்துட்டான்" என்கிறோம். இருவரும் செய்த தப்பு ஒன்றுதான். அதிர்ஷ்டம்தான் வேறு.

அப்படியென்றால் பலனைப் பார்க்கவே கூடாதா? முயற்சி இருந்தால் போதுமா? அதுவும் சரியில்லை. தாத்தா சொன்னதைக் கவனியுங்கள். ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துகிறவனும் கஷ்டப்பட்டுத்தான் வெட்டுகிறான். வியர்வை சிந்தினான் என்பதற்காக அது நல்ல வெட்டு ஆகிவிடாது. அதே சிட்னி ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸில் புஜாரா 176 பந்தில் 50 எடுத்தது ரொம்ப மந்தம் என்று விவரம் தெரிந்தவர்களே குறை சொன்னார்கள். அது நியாயமான விவாதம். மூன்றாம் நாள் நேரம் நிறைய இருந்தது, ரன்தான் வேண்டும். ஐந்தாம் நாள் மாலையில் ஒருவருக்குக் கால் போய், இன்னொருவருக்கு முதுகு போய், அடுத்தவருக்கு விரல் உடைந்திருக்கும்போது வேண்டியது நேரம். ஒரு நாள் தவறாக இருக்கக்கூடிய அதே கட்டை, இன்னொரு நாள் கடமை ஆகிவிடுகிறது.

ஆகவே நிலவரத்தைப் பேசுவது தப்பில்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ரன்?" இல்லை. "இந்த நேரத்தில், இவர் கையில் இருப்பதை வைத்து, செய்ய வேண்டியது எது? அதை ஒழுங்காகச் செய்கிறாரா?" அந்தக் கேள்வியைக் கேட்டால், விஹாரி அவுட் ஆகியிருந்தாலும் பதில் ஒன்றுதான்.

அன்று மாலை சித்தப்பா சுருதியை மாத்திவிட்டார். "இதாம்மா கீதை. பலனைப் பார்க்காம கடமையச் செஞ்சான் பாரு!" எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து பலன் பலன் என்று கத்தியவர், பலன் வந்த பிறகு பலனைப் பார்க்காதே என்கிறார். அந்தப் போதனை ஆடுகிறவனுக்குத் தெம்பு தருவதற்கு. ஆட்டம் முடிந்தபின் பார்க்கிறவன் எடுத்து விடுவதற்கு இல்லை.

நானும் ஒரு பொறியில் மாட்டினேன். எட்டு நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, பிரிஸ்பேனில் இந்தியா மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்றதே இல்லை. தொடர் 2-1. "பாத்தீங்களா சித்தப்பா, அந்த டிரா இல்லன்னா இன்னிக்கு 2-2தான்!" என்று குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நானும் நிறுவையைக் காட்டித்தான் விஹாரியை நல்லவர் ஆக்குகிறேன். பிரிஸ்பேனில் தோற்றிருந்தாலும் அந்த 23 ரன் அதே 23 ரன்தான். காயத்தால் விஹாரி அந்த பிரிஸ்பேன் ஆட்டத்தில் ஆடவே இல்லை.

தம்பியின் அறை

சிட்னி ஆட்டம் முடிந்த அன்று மாலைதான் பிரதமர் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிறோம். இரவு தம்பியின் அறைக்குப் போனேன். "சிரிச்சதுக்கு சோரி டா," என்றேன். "பரவால்லக்கா," என்றான். மேலே ஒன்றும் பேசவில்லை. அவனுடைய கணிதப் பயிற்சி நோட்டைப் புரட்டினேன். அதுவரை நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பக்கம் பக்கமாகப் போட்டிருந்தான். ஆனால் ஒரே வகைக் கணக்கில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப ஒரே தப்பு. பின்னத்தை மாற்றும் இடத்தில். உழைப்புக் குறைச்சலே இல்லை. வெட்டு ஒரு இடத்தில் கோணலாகப் போகிறது, அதை யாரும் காட்டவில்லை. நாங்கள் எல்லாரும் மார்க்கை மட்டும்தான் கேட்டோம்.

அன்றிலிருந்து தேர்வு வரை ராத்திரி பத்துப் பத்துக் கணக்காக உட்கார்ந்தோம்.

ஜூன் 10 அன்று முடிவு வந்தது. கணிதத்தில் டி. தேர்ச்சி, அவ்வளவுதான். சித்தப்பா, "டி தானா?" என்று ஆரம்பித்தார். தாத்தா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். என்னைப் பொறுத்தவரை அது டிரா.

ஆனால் உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். அவன் தேறாமல் போயிருந்தால் நான் அவனை இதே மாதிரி பார்த்திருப்பேனா? "ஆமாம்" என்று உடனே எழுத ஆசைதான். அந்த முடிவுத் தாளைப் பிரிக்கும்போது என் கை நடுங்கியதை நினைத்துப் பார்க்கிறேன். வெட்டைப் பார்க்கிற கண் ஒரே நாளில் வந்துவிடாது போலிருக்கிறது. பழக வேண்டும்.

உங்கள் வீட்டு ஹாலிலும் யாரோ ஒருவர் கட்டை போட்டுக்கொண்டு இருப்பார். அவரைப் பற்றி அடுத்த தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால், அவருடைய நோட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள்.