கற்கும் சமயமும் நிற்கும் சமயமும்

வேங்கடம் தமிழ் கூறும் நல்லுலகின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்துரைத்தது. எல்லை என்பது பிரிக்கும் கோடு மட்டுமன்று; இரு மொழியும் இரு மரபும் எதிர்ப்பட்டு உறவாடும் முற்றமும் அதுவே. அம்முற்றத்தில் குடியேறி வாழ்பவர் நாம். சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் நம் பிள்ளைகள், உயர்கல்வியை நாடிச் சென்னைக்கும் விசயவாடாவுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய கல்விக்கூடங்களில் சேர்வோரும் உளர்.

அண்மையில் நண்பர் ஒருவர் மனக்கவலையோடு என்னிடம் வந்தார். அவர் மகள் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கணிதம் படிக்கச் சென்ற பெண்ணுக்கு இறையியலும் கட்டாயப் பாடம். "சனிக்கிழமை தவறாமல் மலையப்பனை வணங்கி வளர்ந்த பெண் ஐயா! வேறொரு சமயத்தின் இறையியலைப் படித்துத் தேர்வும் எழுதவேண்டும் என்கிறார்களே, இது முறைதானா?" என்றார்.

இது ஒரு தந்தையின் அச்சம் மட்டுமன்று. அறத்தைப் பற்றிய வினாவும் ஆகும். நம்பாத ஒன்றை நேர்மையோடு கற்க இயலுமா? நம்பிக்கை உடைய ஆசிரியர் முன்னிலையில், நம்பிக்கை இல்லாத மாணவரின் மனம் உரிமையோடு இருக்குமா? இவ்விரண்டையும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பாடமும் போதனையும்

கார்டினல் நியூமன் 1852ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அப்போது அவர் கார்டினல் ஆகவில்லை. அயர்லாந்தில் தோன்றவிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திற்கு வழி வகுத்துக்கொண்டிருந்தார். எல்லா அறிவையும் கற்பிப்பதாகச் சொல்லும் பல்கலைக்கழகம் இறைவனைப் பற்றிய அறிவை மட்டும் விலக்கிவைத்தால், அது தன் பெயருக்கே பொருந்தாது என்பது அவர் வாதம். இக்கருத்தின் நிழலை இன்றும் காணலாம். 1842இல் தோன்றிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் எத்துறை மாணவராயினும் இளநிலையில் இறையியல் பயிலுதல் வேண்டும். 1789இல் தோன்றிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற இறையியல் பாடத்துக்குக் 'கடவுள் என்னும் சிக்கல்' என்பதே பெயர். சிக்கல் என்று பெயரிட்ட பாடம் முடிந்த விடையைத் திணிக்க வந்ததன்று; வினாவை எழுப்ப வந்தது.

நம் நாட்டின் நிலை வேறு. 1844இல் தோன்றிய தூய வளனார் கல்லூரியிலும், 1925இல் சென்னையில் தோன்றிய இலயோலாக் கல்லூரியிலும், அவை போன்ற பிறவற்றிலும் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் ஏனையோருக்கு அறநெறிப் பாடமும் எனப் பிரித்துக் கற்பிப்பதே வழக்கமாக இருந்துவந்துள்ளது. அரசு உதவி பெறும் கல்விக்கூடத்தில் ஒருவரை அவர் இசைவின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. ஆயினும் சமயங்களைப் பற்றிக் கற்பது வேறு, சமயச் சடங்கையும் கோட்பாட்டையும் புகட்டுவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. நண்பர் மறந்தது இவ்வேறுபாட்டையே. 'இதை அறிந்துகொள்' என்று கட்டாயப்படுத்துவது கல்வி; 'இதை நம்பு' என்று கட்டாயப்படுத்துவது கொடுமை. முன்னதை அஞ்சவேண்டுவதில்லை; பின்னதைப் பொறுக்கவும் கூடாது.

திருப்பதியில் பயின்ற மாணவர்

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. நம் ஊரிலேயே உண்டு. 1888இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், எட்டு வயதளவில் திருப்பதியில் இருந்த ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றார். இவை கத்தோலிக்க நிறுவனங்கள் அல்ல. சீர்திருத்தத் திருச்சபையினர் நடத்தியவை. ஆயினும் மாணவர் உள்ளத்தில் எழுந்த சிக்கல் ஒன்றே. கிறித்தவ ஆசிரியர்கள் இந்து சமயத்தைக் குறைகூறியது அவ்விளைஞரின் நெஞ்சைச் சுட்டது. சுட்டபோது அவர் கல்லூரியை விட்டு ஓடவில்லை. தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராயப் புகுந்தார். தம் நாட்டத்தைத் தூண்டியது அக்குறைகூறலே என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்பது அன்றைய குற்றச்சாட்டு. அதற்கு மறுமொழியாக அவர் முதுகலைத் தேர்வுக்கெனத் தம் ஆய்வுரையை எழுதினார். 1908இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு அகவை இருபது. அதைப் பாராட்டிச் சான்றளித்தவர் யார்? கிறித்தவ இறையியலாளரும் அக்கல்லூரிப் பேராசிரியருமான ஏ. ஜி. ஹாக். தம் தரப்பினரின் கருத்தை மறுத்து எழுதிய மாணவனின் திறத்தை மனமுவந்து போற்றிய ஆசிரியர் அவர். கல்வியின் அறம் விளங்கிய இடம் இது.

அம்மாணவரே 1948இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவரானார். இளநிலை மாணவர் முதலாண்டில் புத்தர், கன்பூசியசு, ஏசு, சங்கரர், இராமானுசர், முகம்மது நபி, கபீர், நானக் முதலிய பெரியோர் வரலாறுகளையும், இரண்டாமாண்டில் பல சமய நூல்களின் பகுதிகளையும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவச் சிக்கல்களையும் கற்றல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பிற சமயத்தார் பள்ளியில் பயின்று காயமும் பயனும் ஒருங்கே பெற்றவர் தலைமையில் உருவான திட்டம் இது.

தமிழுக்கு இது புதிதன்று

பிற சமயத்தைக் கற்பது தமிழ் மரபுக்கு அயலானது என்பாரும் உளர். அவர்கள் மணிமேகலையை மறந்தவர்கள். இளம்பெண்ணாகிய மணிமேகலை வஞ்சி மாநகரில் மாதவர் வடிவம் கொண்டு, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர் முதலிய பல சமயத்தார் கூற்றையும் ஒருவர்பின் ஒருவராகக் கேட்டாள். அனைத்தையும் கேட்டபின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவம் பூண்டாள். கேட்டதனால் அவள் தடுமாறவில்லை, கேட்டதனால் தெளிந்தாள். சிவஞான சித்தியார் ஆசிரியரும் பரபக்கத்தில் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுத்தார்.

நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவன் தேவாரமும் நாலாயிரமும் சிந்தாமணியும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் படிக்கின்றான். தமிழ் வகுப்பே ஒரு சமய வகுப்பு அன்றோ? யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் உரோமையில் இறையியல் கற்றுக் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கத் துறவி. அவர் அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியம் கற்றார். அக்கல்வியால் அவர் துறவு குறையவில்லை; 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடும் அளவுக்குத் தமிழ் வளர்ந்தது.

வெறுங்கையோடு அனுப்பலாமா?

இவற்றை எல்லாம் நான் நண்பரிடம் சொல்லி முடித்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அது மட்டுமன்று, வேறொன்றும் உண்டு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வகுப்பில் இறையருளைப் பற்றிய பாடம் நடந்ததாம். மனிதன் தன் முயற்சியால் நல்வழி நடக்க இயலுமா, அன்றி இறையருளே அவனை எடுத்துச் செல்கிறதா என்று ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் அடிகளாருக்கும் பெலாஜியசுக்கும் நடந்த வழக்கை ஆசிரியர் விளக்கினார். விளக்கிவிட்டு, "உங்கள் ஊர் வைணவத்தில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று அன்போடு அப்பெண்ணைக் கேட்டார். அவளுக்கு விடை தெரியவில்லை. இரவில் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, சரணாகதி என்றால் என்னப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "எனக்கும் தெரியவில்லை ஐயா! திருமலையின் அடிவாரத்திலேயே முப்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறேன். பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் அம்மா என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஆறாம் பத்தில் சரண் புகுந்தது இவ்வேங்கடத்தான் திருவடியில்தான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாயே கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா, அடியவன் நிலை யாது என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியுள்ளனர். அகஸ்டின் வழக்கோடு ஒப்புநோக்கத் தக்க செல்வம் இது. மார்கழி வைகறையில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஒலிப்பது ஆண்டாளின் தமிழ்த் திருப்பாவை. அத்தமிழைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்?

நண்பர் அஞ்சியது வந்தவர் கொடுக்கும் பாடத்தை. அஞ்சவேண்டியதோ நாம் கொடுக்காமல் விட்ட பாடத்தை. சமயத்தைப் பிறர் களவாடுவதில்லை. பூட்டிய பெட்டியைத் திறந்து பாராமலே பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறோம், அதனுள் ஒன்றுமில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

உரைகல்

ஆதலின் என் விடை இதுவே. இறையியல் பாடத்தைச் சோதிக்க ஓர் உரைகல் போதும்: ஆசிரியர் கொள்கையை மாணவர் விடைத்தாளில் காரணம் காட்டி மறுக்கலாமா? மறுத்தும் உரிய மதிப்பெண் பெறலாமா? ஆம் எனின், அது கல்வி, அஞ்சாது அனுப்புக. அன்று எனின், எச்சமயத்தார் நடத்தினும் அது கல்வியன்று, பிள்ளையை மீட்டுக்கொள்க. மாணவருக்கும் ஓர் உரைகல் உண்டு. பிறர் சமயத்தை எடுத்துரைக்கும்போது, அச்சமயத்தார் கேட்டு 'ஆம், இதுவே எங்கள் கருத்து' என்று தலையசைக்குமாறு உரைத்தல் வேண்டும். நம்பாமலே கற்பதன் நேர்மை இதுவே.

நண்பர் இப்போது நாள்தோறும் மாலையில் பெரியவர் ஒருவரிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்கிறார். கேட்டதை ஞாயிறுதோறும் மகளுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அவள் அகஸ்டினைப் பற்றித் தந்தைக்குச் சொல்கிறாள். கணிதம் கற்கச் சென்ற மகளால் தந்தையும் மாணவரானார். வேங்கடத்தின் முற்றத்தில் குடியிருக்கும் நம் இல்லங்கள்தோறும் இத்தகைய வகுப்பு ஒன்று நடக்குமாயின், எக்கல்லூரியின் எப்பாடத்துக்கும் நம் பிள்ளைகள் நிமிர்ந்த தலையோடும் திறந்த நெஞ்சோடும் செல்வர்.