கவசமும் கடமையும்

அவையில் அஞ்சாது பேசுதல் அரிய பண்பு. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், அஞ்சாது பேசியவனைத் தண்டனை தேடி வரும்போது, அவனுக்கு மட்டும் ஒரு கவசம் அளிப்பது அறமாகுமா? கவசம் இல்லாதவனும் அதே மண்ணில் அதே குற்றச்சாட்டுக்கு ஆளாகி நிற்கும்போது, ஒருவன் மட்டும் காக்கப்படுதல் நீதியா? இவ்வினாக்கள் மலேசியத் தமிழருக்கு வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல.

1941-ஆம் ஆண்டில், காப்பாரும் அடங்கிய கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு மட்டுமா அவர்கள் கேட்டது? தோட்டத் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டுமென்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியர் ஆர். எச். நாதன். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை வெளியேற்ற வழக்கு விசாரணை தேவைப்படவில்லை; ஆட்சியின் ஆணையே போதுமானதாயிற்று. பேசியவனுக்குக் கவசம் ஏதும் இல்லாத காலம் அது.

அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், சுதந்திர மலேசியாவின் தலைநகரில் மற்றொரு தமிழர் தம் சொல்லுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. அவர் வழக்கறிஞர் பரம் குமாரசாமி. 1985-இல் அவர் வழக்கறிஞர் மன்றத்தின் துணைத் தலைவராக இருந்தார். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக சிம் கீ சோன் என்பவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்னர், கொலைக் குற்றம் தீர்க்கப்பட்ட ஒரு முன்னாள் அமைச்சரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்தது. எளியோர்க்கு ஒரு நீதி, வலியோர்க்கு ஒரு நீதி என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றலாகாது. ஆகவே மன்னிப்பு வாரியம் இவ்விளைஞர் வழக்கை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே பரம் குமாரசாமி விடுத்த வேண்டுகோளின் சாரம். இதற்காக அவர்மீது நிந்தனைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது.

கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. தீர்ப்பின் பிழை வெளிப்பட்டது. போன உயிர் திரும்பவில்லை. தண்டனை நிறைவேறுமுன்பே பேச வேண்டியதன் தேவையைத் தமிழர்க்கு இதனினும் தெளிவாக எடுத்துரைக்கும் கதை வேறில்லை. பரம் குமாரசாமி உயிர் இருக்கும்போதே பேசினார். 1986-இல் நீதிபதி என். எச். சான், அவ்வேண்டுகோளில் நிந்தனை இல்லையெனக் கண்டு அவரை விடுதலை செய்தார். ஆனால் சிம் கீ சோன் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். பேசியவர் தப்பினார், எவருக்காகப் பேசினாரோ அவர் தப்பவில்லை.

வழக்கறிஞரின் நா கட்சிக்காரருக்குக் கடனாகக் கொடுக்கப்பட்ட நா என்பார்கள். இன்று ஒருவருக்காக வாதாடியவர் நாளை அவருடைய எதிரிக்காகவும் வாதாடலாம். அத்தொழிலின் நேர்மைக்கு அது இழுக்கன்று. எவரும் துணையின்றித் தண்டிக்கப்படலாகாது என்ற கொள்கையின் விளைவு அது. ஆனால் அந்த நாவை அவர் தம் பொறுப்பில், தம் பெயரில் பயன்படுத்தும் தருணமும் வருகிறது. அப்போது கட்டணம் இல்லை, கட்சிக்காரர் இல்லை, சொல்லின் விளைவு முழுவதும் சொன்னவர் தலையிலேயே விழும். ஒரு வழக்கறிஞரின் வாழ்வை அவர் வென்ற வழக்குகளைக் கொண்டு அளப்பதைவிட, இத்தகைய தருணங்களைக் கொண்டு அளப்பதே பொருத்தம்.

அத்தகைய தருணம் பரம் குமாரசாமிக்கு மீண்டும் வந்தது. அவர் 1986 முதல் 1988 வரை வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தார். அதிகாரத்துவ இரகசியச் சட்டம் கடுமையாக்கப்பட்ட 1986-இல், அதை எதிர்த்த அமைப்புகளுள் அம்மன்றமும் ஒன்று. 1994-இல் ஐக்கிய நாட்டு மனித உரிமை ஆணையம், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் சுதந்திரத்தை ஆராயும் சிறப்பு அறிக்கையாளராக அவரை அமர்த்தியது. அப்பொறுப்பை ஏற்ற முதல் மனிதர் அவரே. 1995 நவம்பரில் வணிக வழக்குகளைப் பற்றிய ஓர் ஆங்கில இதழில் மலேசிய நீதித்துறையைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. வழக்காடுவோர் தமக்கேற்ற நீதிபதியைத் தேர்ந்துகொள்வதாக எழுந்த ஐயம் பற்றி அதில் அவர் கருத்துரைத்திருந்தார். தம் விசாரணை இன்னும் முடியவில்லை என்பதையும் உடன் சொல்லியிருந்தார்.

தங்கள் நற்பெயர் கெட்டதென்று நிறுவனங்களும் பிறரும் வழக்குத் தொடுத்தனர். அவர்மீது வந்த நான்கு வழக்குகளில் கோரப்பட்ட இழப்பீடு மொத்தம் 28 கோடி வெள்ளி. ஒரு தனிமனிதர் தம் வாழ்நாளில் ஈட்டவும் கனவு காணவும் இயலாத தொகை! அவர் தம் பணியின் பொருட்டே பேசினார், ஆதலால் அவர்மீது வழக்குத் தொடர இயலாது என்று ஐக்கிய நாட்டுப் பொதுச் செயலாளர் சான்றளித்தார். மலேசிய நீதிமன்றங்கள் அச்சான்றைப் போதுமானதாக ஏற்கவில்லை. 1998-இல் கூட்டரசு நீதிமன்றம் அவரது மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. சிறப்பு அறிக்கையாளர் என்பவர் ஊதியமின்றிப் பகுதிநேரமாகத் தகவல் வழங்குபவரே என்பது அந்நீதிமன்றம் கொண்ட கருத்து. குறைத்துச் சொல்ல எண்ணிய சொற்களே சில வேளைகளில் உயர்த்திவிடுகின்றன. ஊதியமின்றிப் பேசினார் என்பதைவிட அந்த நாவுக்கு வேறு என்ன நற்சான்று வேண்டும்?

வழக்கு ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தின் ஆலோசனைக்குச் சென்றது. 1999 ஏப்ரல் 29-ஆம் நாள், பதினான்கு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நின்று, அக்கருத்துரைக்கு அவர் சட்டப் பாதுகாப்புப் பெற்றவர் எனக் கருத்தளித்தனர். நீதிமன்றச் செலவு எதையும் அவர் தலையில் சுமத்தலாகாது என்பதில் அனைவரும் ஒருமனப்பட்டனர். 2000-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அக்கருத்தை ஏற்று, அவர் மீதான வழக்கைத் தள்ளியது.

இங்கேதான் தொடக்கத்தில் எழுந்த வினா தன் முழு வலிமையோடு நிற்கிறது. அதே காலத்தில் எம். ஜி. ஜி. பிள்ளை என்ற இதழாளரும் அவதூறு வழக்கொன்றைச் சந்தித்தார். 1994-இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் மொத்தம் ஒரு கோடி வெள்ளி இழப்பீடு விதித்தது. பிள்ளையின் பங்கு 20 இலட்சம். 2000-இல் அவருடைய இறுதி மேல்முறையீடும் தோற்றது. அவருக்காக ஹேக் நகரத்தில் எவரும் பேசவில்லை. ஒருவருக்கு உலக நீதிமன்றம். மற்றவருக்குக் கடன் சுமை. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்பது எங்கே?

இவ்வெதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நற்பெயர் என்பது ஒவ்வொருவருக்கும் உரிய உடைமை. குற்றம் சாட்டப்பட்ட நிறுவனத்திற்கும் தன்னை நியாயப்படுத்தும் உரிமை உண்டு. இதை அனைத்துலக நீதிமன்றமும் மறக்கவில்லை. பாதுகாப்பு உண்டென்பதால் இழப்பீட்டுக்கு வழியே இல்லையென்று ஆகாது. கோரிக்கையை ஐக்கிய நாட்டு அமைப்பிடமே வைக்கலாம். அதன் பணியாளர்கள் தம் பணியின் எல்லையை மீறாதிருக்கக் கவனம் கொள்ளவும் வேண்டும் என்று அது சுட்டியது. ஆக, அக்கவசம் பரம் குமாரசாமி என்ற தனிமனிதரின் சொத்தன்று. கர்ணனின் கவசம் அவன் உடலோடு பிறந்தது. இதுவோ பணியோடு வந்தது, பணியின் பொருட்டுச் சொன்ன சொல்லுக்கு மட்டும் உரியது. 2003-இல் அவருடைய பொறுப்பு முடிந்தது. 2015-இல் அவர் மறைந்தார். பொறுப்பும் பாதுகாப்பும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு உரியனவாயின.

பிள்ளைக்குக் கவசம் இல்லாதது பெருங்குறை என்பது உண்மை. அதற்கு மருந்து யாது? பரம் குமாரசாமியின் கவசத்தையும் கழற்றி இருவரையும் ஒருங்கே வீழ்த்துவதா? இருவரும் வீழ்ந்தால் சமத்துவம் கிடைக்கும், நீதி கிடைக்காது. பொதுநலன் கருதி நேர்மையாகப் பேசும் எவரையும் வாழ்நாள் முழுதும் நசுக்கும் தொகை அச்சுறுத்தாதபடி சட்டம் அளவறிந்து நடத்தலே மருந்து. ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அனைவருக்கும் கிடைக்க வேண்டியது யாது என்பதைக் காட்டும் அளவுகோல் ஆகிறது.

கவசம் அணிந்தவனுக்கும் ஒரு கடமை உண்டு. பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டு வாய் மூடியிருப்பவன், காவலுக்கு அமர்த்தப்பட்டு உறங்குபவனை ஒப்பான். பதவிக்கும் பட்டத்திற்கும் குறைவில்லாத சமுதாயத்தில், அவற்றைப் பெற்றவர்களுள் எத்தனை பேர் பெறாதவர்களுக்காகப் பேசுகின்றனர் என்பது ஒவ்வொரு தலைமுறையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பரம் குமாரசாமி 1985-இல் கவசமின்றிப் பேசினார். 1995-இல் கவசத்தோடு பேசினார். இரு வேளையும் பேசினார் என்பதே அவருடைய தகுதி. முன்னதில் அவர் காட்டிய துணிவே பின்னதில் பெற்ற பாதுகாப்பை அறமுடையதாக்குகிறது.

கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த தொழிலாளிக்குச் சட்டநூல் தெரியாது. தலைநிமிர்ந்து செல்வது தன் உரிமை என்பது மட்டும் தெரியும். அவ்வுரிமையைச் சொல்லாக்கி அவையில் நிறுத்துவதே வழக்கறிஞரின் பணி. அந்தத் தொழிலாளியும் அஞ்சாது பேசக்கூடிய நாள் வரும்வரை, கற்றவர் பெற்ற கவசங்கள் யாவும் அவனுக்குப் பட்ட கடன்களே ஆகும்.