வென்றது யார்?

1907 மே 28, மான் தீவு. முதல் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ஒற்றை சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் முதலாவதாக வந்தார். வண்டி மேட்ச்லெஸ்: லண்டன் பிளம்ஸ்டெட்டில் சார்லியின் அப்பாவும் மகன்களும் சேர்ந்து நடத்திய பட்டறையின் தயாரிப்பு. வேகம் மணிக்குச் சுமார் 38 மைல்.

எஞ்சின் மட்டும் ஜேஏபி கம்பெனியுடையது. போதாக்குறைக்குப் பெடலும் இருந்தது. மேட்டில் எஞ்சின் திணறினால் மிதிக்கலாம். அப்படியானால் வென்றது எது? எஞ்சினா, சட்டமா, காலா?

பௌத்த நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் துறவி நாகசேனர் மன்னன் மிலிந்தனை மடக்குவதும் இப்படித்தான். தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா? தனித்தனியாக எதுவுமில்லை, சேர்க்கைக்கு இட்ட பெயரே தேர். சரி, சேர்த்த கைகளை எந்தக் கணக்கில் வைப்பது? துறவி அதைக் கேட்கவில்லை.

பந்தயக்காரர்களுக்கு இவ்வளவு பொறுமை ஏது! 1908இல் பெடலுக்குத் தடை வந்தது. அவ்வருடம் டிரையம்ப் வண்டி முந்தியது. 1909இல் சகோதரர் ஹாரியும், 1910இல் மறுபடி சார்லியும் வென்றார்கள், மேட்ச்லெஸ்ஸிலேயே.