கேளாமல் வந்ததும் கொன்று கொண்டதும்

சொல்லுக்குச் சொல் நின்று பொருள் காணும் பழக்கமுடைய இவ்விதழின் வாசகர்களுக்கு ஆங்கில நாடகம் ஒன்றை முன்வைப்பது புதிதாகத் தோன்றலாம். ஆயினும் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' அத்தகைய வாசிப்பையே வேண்டி நிற்கிறது. 1606-ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டு, 1623-இல் வெளிவந்த தொகுப்பில் முதன்முதலாக அச்சேறிய இந்நாடகம், அவருடைய துன்பியல் நாடகங்களுள் மிகச் சிறியது. கதையும் சிறியதே. ஸ்காட்லாந்தின் படைத்தலைவனான மேக்பெத், தன் கோட்டையில் விருந்தினனாகத் தங்கிய அரசன் டங்கனை உறக்கத்தில் கொன்று முடி சூடுகிறான். அம்முடியைக் காக்கும்பொருட்டுக் கொலைமேல் கொலை செய்து, இறுதியில் மேக்டஃபின் வாளுக்கு இரையாகிறான்.

இங்கே நாம் ஆராயப் புகுவது ஒன்றே. இப்பாவத்துக்குக் கர்த்தா யார்? மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, கிளாமிஸின் தலைவன் என்றும், காடரின் தலைவன் என்றும், வருங்கால அரசன் என்றும் அவனை வாழ்த்தினார்களே. விதி கூட்டிய செயலுக்கு அவன் என் செய்வான் என்று ஒரு சங்கை எழக்கூடும்.

இதற்கு ஸமாதானம் கதைக்குள்ளேயே இருக்கிறது. கிளாமிஸ் அவனுக்கு முன்னமே உரியது. காடர் பட்டமோ, அவர்கள் சொல்லி மறைந்த சற்று நேரத்திற்கெல்லாம் அரசனுடைய தூதர் வாயிலாகத் தானே வந்து சேர்ந்தது. அதன்பொருட்டு அவன் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை. கேளாமல் ஒன்று வந்ததாயின், அரசும் அவ்வாறே வரட்டும் என்றிருப்பதன்றோ நியாயம்? அவனுக்கே அவ்வெண்ணம் ஒரு கணம் தோன்றுகிறது. டங்கன் தன் மகன் மால்கமுக்கு இளவரசுப் பட்டம் அளித்ததும் அப்பொறுமை கலைந்துவிடுகிறது. சூனியக்காரிகள் 'அரசனாவாய்' என்றார்களேயன்றிக் கொல்லச் சொல்லவில்லை. வாழ்த்தைக் கேட்டவுடன் அவன் திடுக்கிட்டதை உடனிருந்த பாங்கோ கவனிக்கிறான். நற்செய்தி கேட்டவன் அஞ்சுவானேன்? உள்ளே முன்னமே ஒளிந்திருந்த ஒன்றைப் பிறர் பெயர் சொல்லி அழைத்துவிட்டனர் என்பதே நம் அபிப்ராயம்.

பாங்கோவுக்கும் அன்று ஒரு வாக்குக் கிடைத்தது: அவன் வழியினர் அரசாள்வர் என்று. அவன் யாரையும் கொல்லவில்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோ கொலைக்கு உடந்தையானவன். அவனுடைய வழித்தோன்றலாகத் தம்மைக் கருதிய முதலாம் ஜேம்ஸ் 1603 முதல் இங்கிலாந்தை ஆண்டுவந்தமையால் கவி இதனை மாற்றினார் போலும். அரசனுக்குச் செய்த உபசாரமேயாயினும், நம் சங்கைக்கு விடை அதனாலேயே கிடைத்தது.

மனைவி தூண்டினாள் என்பர்; மெய்தான். ஆனால் அவள் வாதிட்டு அவனை இணங்கச் செய்வதற்கு முன்பே மேக்பெத் தனித்து நின்று எண்ணிப்பார்க்கும் இடம் ஒன்றுண்டு. நாடகத்தின் உயிர்நிலை அது. உறவினன், அரசன், விருந்தினன், குற்றமற ஆண்டவன் எனக் கொல்லலாகாமைக்குரிய காரணங்களைத் தானே அடுக்குகிறான். கொல்வதற்கோ அவனுக்கு அகப்படும் காரணம் பேராசை ஒன்றே. அறியாமையால் தவறினான் என்று அவனுக்காக வாதிட வழியில்லை. வரவும் செலவும் எழுதிப்பார்த்து, நஷ்டமென்று கண்டபின்னும் கையொப்பமிட்டவன் அவன்.

வங்கியில் பல்லாண்டு கணக்குப் பார்த்த நமக்குப் பிற்பகுதி மிகப் பழகியதாகவே படுகிறது. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக்கடன் வாங்குபவனின் கணக்கு, ஏட்டில் ஒழுங்காகவே தோன்றும், கடன்மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். டங்கனைக் கொன்ற பழியை மெய்காவலர்மேல் சுமத்தி, அவர்கள் வாய்திறவாதபடி அவர்களையும் கொல்கிறான். பெற்ற அரசு பாங்கோவின் மரபுக்குப் போகுமே என்று அவனைக் கொல்விக்கிறான். மகன் ஃப்ளீயன்ஸ் தப்பிவிடுகிறான். மேக்டஃப் இங்கிலாந்துக்குச் சென்றுவிட, அவன் மனைவி மக்களைக் கொல்விக்கிறான். இக்கொலையால் மேக்பெத்துக்கு யாதொரு பயனுமில்லை. டங்கனுக்காக அத்தனை தயங்கியவன், குழந்தைகளுக்காக ஒரு நொடியும் தயங்கவில்லை.

முடியை விரும்பியவர்கள் இருவர். கைப்பட்ட உதிரம் சிறிது நீரில் போய்விடும் என்ற மனைவி, உறக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பாங்கோவைக் கொல்ல ஆளனுப்பியதைக்கூட அவன் அவளிடம் சொல்லவில்லை. அவள் இறந்தாள் என்ற செய்தி வரும்போது பகைவர் கோட்டையை நெருங்கிவிட்டனர். இதற்கு வேறொரு வேளை வாய்த்திருக்கலாகாதா என்கிறான். அதற்குள் அடுத்த தூதன் வந்து, காடு நகர்ந்து வருவதாகக் கூறுகிறான்.