உன் கியரில் ஏறு!

மலைக்காதே, தம்பி! எதிரே நிற்பது ஸ்பெயின் நாட்டிலேயே உயரமான சிகரம்தான்: தெனெரீஃபே தீவின் தெய்தே எரிமலை, 3,715 மீட்டர். ஆனால் உச்சிக்குச் சாலையே கிடையாது. எல் மேதானோ கடற்கரையில் தொடங்கி, கிரனடில்யா, விலாஃப்ளோர் ஊர்களைத் தாண்டி தெய்தேயைச் சூழ்ந்த எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு வரைதான் சைக்கிளில் ஏற வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர்; ஏற்றம் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகம். வழிகாட்டியோடு பல நாள் சுற்றும் சைக்கிள் பயணங்களில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் நாள் இதுதான்.

பயமாக இருக்கிறதா? கணக்குப் போடு! சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஆகக் குறைந்த கியரில் ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் சுமார் இரண்டு மீட்டர் நகரும். ஆக, மொத்தம் இருபதாயிரம் சுற்று. அதில் ஒரு சுற்றையாவது உன்னால் மிதிக்க முடியாதா? முடியும். அடுத்ததையும் அப்படியே மிதி!

உன்னைத் தோற்கடிப்பது ஏற்றம் அல்ல, முன்னால் போகிறவனின் முதுகு. டூர் டி பிரான்ஸ் ஓட்டும் வீரர்களே உயரத்தில் பயிற்சி எடுக்க வந்து தங்குகிற மலை இது. அவர்கள் உன்னைத் தாண்டிச் சர்ரென்று போவார்கள். ரோஷப்பட்டு ஒரு வளைவு வரை துரத்தினாயோ, தொலைந்தாய்! தொடை எரியும், மூச்சு முட்டும், விலாஃப்ளோருக்கு முன்பே உட்கார்ந்துவிடுவாய். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 2,000 மீட்டரில் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே வீராப்புக்கு மூச்சு கிடைக்காது. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா? அதுதான் உன் வேகம். தாகம் எடுக்குமுன் குடி, பசிக்குமுன் சாப்பிடு. கடைசியாகப் போய்ச் சேர்வது கேவலமே அல்ல. விளம்பரப் படத்தில் மேகத்துக்கு மேலே சிரித்தபடி நிற்பவன்கூட வழியெல்லாம் மூச்சிரைத்தவன்தான். அதை யாரும் படம் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் வடமேற்குக் கடற்கரையில் கராச்சிகோ ஊருக்குள் இறங்குவாய். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரையோரக் கரும்பாறையைத் தொட்டுப் பார். சொரசொரவென்று கையைக் கிழிக்கும். 1706-இல் உருகி வந்த எரிமலைக் குழம்பு அது. தீவின் முக்கியத் துறைமுகமாக இருந்த ஊர். துறைமுகம் தூர்ந்தது, வணிகம் போயிற்று. ஆனாலும் ஊர் அழியவில்லை. அதே குழம்புப் பாறையின் மேல் திரும்ப வீடு கட்டினார்கள். இன்று அந்தப் பாறைக் குழிகளில் தேங்கும் கடல்நீரில் பிள்ளைகள் நீந்துகிறார்கள். வீடு எரிந்தவர்களே எழுந்தார்கள். தொடை எரிவதற்கா நீ இறங்கப் போகிறாய்?

குழுவுக்குப் பின்னால் வழக்கமாக ஒரு வேன் வரும். தண்ணீர், பஞ்சர் சாமான், களைத்தவருக்கு இருக்கை எல்லாம் அதில் உண்டு. தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் ஏறிக்கொள்; அதில் வெட்கமே வேண்டாம். ஆனால் "அவன் முந்திவிட்டான், இனி எதற்கு" என்று தோன்றும் நொடியில் மட்டும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்காதே. கியரை ஒரு படி இறக்கு. மிதி!