ஏவினார் துயர்

அப்பூதியடிகள் வரலாற்றினைப் பலகால் ஓதியுங் கேட்டும் இருப்பீர். திருநாவுக்கரசு சுவாமிகள் அமுதுசெய்தற்கு வாழைக்குருத்து அரிந்துவருமாறு தாயுந் தந்தையும் மூத்த மகனை ஏவினர். அவன் அரவு தீண்டி இறந்தனன். அரவே நம் நினைவில் நிற்கின்றது. ஏவினவர் பெற்றோர் என்பதனை யாமும் நெடுங்காலம் கருதிற்றிலேம். கருதும்படி செய்தவர் ஆம்பூரை அடுத்த சிற்றூரில் வாழும் முதியவர் ஒருவர்.

அவர் மகன் தோல் பதனிடுந் தொழிற்சாலையிற் கூலியாள். ஒருநாள், "இன்றைக்குப் போகவில்லை, அப்பா" என்றானாம். "ஒரு நாள் கூலி போய்விடுமே, போய் வா" என்றார் இவர். கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மைசெய்ய இறங்கியவன் நச்சுக்காற்றால் மாண்டான். மனைவியார் கணவரை ஒரு சொல்லுங் கடிந்திலர். இரவுதோறும் மகனுடைய வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கின்றார். அவ்வோசையைக் கேட்டபடியே இவர் திண்ணையிற் கிடக்கின்றார். "ஏசினால் ஆறிவிடும், சாமி, ஏசமாட்டேன் என்கிறாள். நான்தானே கொன்றேன்?" என்றார்.

பிராரத்தம் என்று விடைகூற வாயெடுத்தேம். அது சித்தாந்தமே. ஆயினும் சொல்லிற்றிலேம், அவன் விதி என்று தொழிற்சாலையாரும் முன்னரே சொல்லியிருந்தனர்.

ஈண்டு ஆராயற்பாலது ஒன்றுண்டு. வினை சடம், தானே வந்து பயனூட்டாது, இறைவனே கூட்டுவிப்பன். ஒருவனுக்கு இறப்பு நுகர்வினையாய் வருமிடத்தும், அதற்கு ஏதுவாய் நின்றான் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறாதொழியாது. காப்புக்கருவியின்றி ஆளை நச்சுக்குழியில் இறக்கினவன் பிறன் விதியைக் காட்டித் தப்புதல் யாங்ஙனம்? 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோற்கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, இரவில் உறங்கிக்கிடந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வங்கத்தினின்றும் பிழைக்க வந்தவர். அவர்களையும் "போய் வா" என்று அனுப்பிய இல்லங்கள் உண்டன்றோ! பிறர் பிராரத்தத்தைப் பேசுதற்கு நமக்குள்ள ஊக்கம் நம் ஆகாமியத்தைப் பேசுதற்கு இல்லை.

இனித் தந்தையார் செயல். கூலி போமே என அஞ்சியது வறுமை; கொலைநினைவு அவர்பால் இல்லை. செய்யாத கொலையை "யானே செய்தேன்" என ஏறட்டுக்கொள்ளுதலும் யான் என்னும் முனைப்பின்பாற்படும் என நூல்வழி கூறலாம். துயருற்றார் முன்னிலையில் அங்ஙனம் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. குற்றத்தை விட்டால் மகனையும் விட்டதாகுமோ என அஞ்சியே அவர் அதனைப் பற்றியிருந்தார் என்பது எம் கருத்து.

ஆதலின் திங்களூர் வரலாற்றையே சொன்னேம். பெற்றோர் ஏவலை மகன் மகிழ்ந்தேற்றுச் சென்றான் என்பர் சேக்கிழார் என்றேம். "என் மகன் மகிழ்ந்து போகவில்லையே" என்றார். அதற்கு விடை எம்பால் இல்லை. திங்களூரில் மகன் எழுந்தான். பாலாற்றங்கரையில் எழுப்புவார் இலர்.

சிறிது பொறுத்து, "அந்த அம்மா தம் வீட்டுக்காரரை ஏசினாரோ?" என வினவினார்.

"இல்லை. இருவருமே ஏவினர், உடலைப் பாயினுள் மறைத்துவைத்து, துயரை இருவருமே தாங்கி நின்றனர்" என்றேம்.

உள்ளே வட்டில் கழுவும் ஓசை கேட்டது. முதியவர் திண்ணையைவிட்டு எழுந்து உட்சென்றார். அவர் மீளுங்காறும் யாம் காத்திருந்திலேம்.